கோமதி டீச்சர் காரின் நாலு கதவு

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் ஆவுடையப்பன் அண்ணாச்சியின் கார் பட்டறை இருக்கிறது. அங்கே மாசானம், குத்தாலிங்கம், உச்சிமாகாளி என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூன்று பேரில் இரண்டு பேர் முட்டாள்கள் என்பது மாசானத்தின் கருத்து. குத்தாலிங்கத்தின் கருத்தும் அதுவே. உச்சிமாகாளியும் அப்படித்தான் நினைத்தான். எந்த இரண்டு பேர் என்பதில்தான் ஒற்றுமை இல்லை. அதை யாரும் வெளியே சொல்லாததால் பட்டறையில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

அந்த வருஷம் சாரல் தொடங்குகிற சமயத்தில் கோமதி டீச்சர் தன்னுடைய கறுப்புக் காரைத் தள்ளிக்கொண்டு வந்து பட்டறையில் விட்டார். டீச்சர் தள்ளவில்லை. டீச்சர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார், தெருவே தள்ளியது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் அவர் ஒரு பார்வை பார்த்தால் பெரிய ஆம்பிளைகளே கையைக் கட்டிக்கொள்வார்கள்.

கார் அவருடைய மாமனார் வாங்கியது. அன்றைக்குப் பேட்டரி இறங்கியிருந்தது, மற்றபடி இஞ்சின் இன்றும் பூனை மாதிரி உறுமும். கோளாறெல்லாம் கதவில்தான். கதவு இடுக்கை அடைக்கிற ரப்பர் பீடிங் காய்ந்து கருவாடாகிவிட்டது. கண்ணாடி ஓடுகிற பள்ளத்தில் ஒட்டியிருந்த வெல்வெட் பட்டியைப் பூச்சி தின்றுவிட்டது. வண்டி ஒரு குழியில் இறங்கினால் நாலு கண்ணாடியும் தானாகவே கீழே இறங்கிவிடும். சாரல் அடித்தால் ரோட்டில் நடந்து போகிறவனைவிட காருக்குள் இருப்பவன் அதிகமாக நனைவான்.

“ஆவுடையப்பா, ஆனியில சிவசைலத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான். எம் புள்ள மேல ஒரு சொட்டு மழைத்தண்ணி விழக்கூடாது,” என்றார் டீச்சர்.

“விழாது டீச்சர்,” என்றார் அண்ணாச்சி.

சொன்ன வாய் மூடவில்லை, அவருக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து அங்கேயே மகள் வீட்டில் இருந்து ஓய்வெடுக்க வேண்டும். போகிறதுக்கு முன்னால் அண்ணாச்சி மாசானத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏலே மாசானம், நீதான் மூத்தவன். பொறுப்பா நடந்துக்கோ. சந்தேகம்னா போன் போடு. நான் சொல்லுததை மட்டும் செய்யணும். சொல்லாததை ஒண்ணும் செய்யக்கூடாது.”

மாசானத்துக்கு நெஞ்சு விம்மிவிட்டது. இத்தனை வருஷத்தில் அண்ணாச்சி அவனைப் பொறுப்பு என்கிற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசியதே இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் பொண்டாட்டியிடம் அதை மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினான்.

மறுநாள் வேலை ஆரம்பித்தது. அண்ணாச்சி போனில் சொன்னார்: “முதல்ல உள்பக்கம் கண்ணாடி சுத்துத கைப்பிடி நாலையும் கழட்டுங்க. பழைய சாமான், கடையில கிடைக்காது. தொலைச்சிராம கையிலயே வெச்சுக்கோங்க.”

கைப்பிடியைக் கழற்றியவன் உச்சிமாகாளி. ஆகவே அவன் கையில் வைத்துக்கொண்டான். வலது கையில் இரண்டு, இடது கையில் இரண்டு. மத்தியானம் சாப்பாடு வந்தது. உச்சிமாகாளி இலையைப் பார்த்தான், கையைப் பார்த்தான், வாயைத் திறந்தான். குத்தாலிங்கம் உருட்டி ஊட்டிவிட்டான்.

“ராத்திரி தூங்கும்போது விரல் தளர்ந்துரும்லா, என்ன செய்ய?” என்று கேட்டான் உச்சிமாகாளி.

மாசானம் யோசித்துத் துணியால் கையைச் சுற்றிக் கட்டிவிட்டான். பொறுப்பு என்றால் இதையெல்லாம் யோசிக்க வேண்டும்.

அதன்பிறகு கதவின் உள் அட்டையைக் கழற்றினார்கள். கண்ணாடியைச் சாய்த்து மேலே உருவி எடுத்தார்கள். நாலு கண்ணாடியும் கீறல் இல்லாமல் வந்துவிட்டன. மாசானம் பெருமையாகப் போன் போட்டான்.

“நல்லது. அது இந்தக் காலத்துல கிடைக்காத கண்ணாடி. கண்ணைப் போலப் பாத்துக்கோங்க,” என்று சொல்லி அண்ணாச்சி போனை வைத்துவிட்டார்.

மூன்று பேரும் கண்ணாடியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“கண்ணை நாம எப்படிப் பாத்துக்கிடுதோம்?” என்று தொடங்கினான் மாசானம்.

“நான் ஒண்ணும் பாத்துக்கிடறதில்லையே. அதுவா இருக்கு,” என்றான் குத்தாலிங்கம்.

“நம்ம கண்ணை விடு. அண்ணாச்சி எந்தக் கண்ணைச் சொல்லுதாரு? அவரு கண்ணைத்தான். இப்ப அதை எப்படிப் பாக்காங்க?”

இது சரியான கேள்வி என்று எல்லாருக்கும் பட்டது. திருநெல்வேலிக்குப் போன் போட்டு, அண்ணாச்சியின் மகளிடம் அப்பா கண்ணை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மாசானம் அக்கறையாக விசாரித்தான். அந்தப் பிள்ளை உருகிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். காலை, மத்தியானம், சாயங்காலம் சொட்டு மருந்து. பஞ்சு வைத்துக் கட்டு. புகை ஆகாது, தூசி ஆகாது, தலைக்குத் தண்ணீர் ஆகாது. வெளிச்சம் பார்த்தால் கூசும் என்பதால் கறுப்புக் கண்ணாடி.

குத்தாலிங்கம் மருந்துக் கடைக்கு ஓடினான். நாலு கண்ணாடிக்கும் சொட்டு மருந்து விட்டு, பஞ்சு வைத்துக் கட்டி, கட்டிலில் படுக்க வைத்தார்கள். அருவிக்கரைக் கடையில் நாலு கறுப்புக் கண்ணாடி வாங்கிவந்து ஒவ்வொரு கண்ணாடிக்கும் மாட்டிவிட்டார்கள். தேநீர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “கண்ணாடிக்கு எதுக்குப்பா கண்ணாடி?” என்றார்.

“கூசும்,” என்றான் உச்சிமாகாளி. படிக்காத ஆளுக்கு இதற்கு மேல் விளக்கம் சொல்ல முடியாது.

கண்ணாடி குணமாகிக்கொண்டிருக்கையில் ரப்பர் வேலையை எடுத்தார்கள். “புதுச் சுருள் வாங்கியாச்சுல்லா? பழசைப் பக்கத்துல வெச்சு, அச்சு அசலா அதே மாதிரி வெட்டிக்கோங்க,” என்றார் அண்ணாச்சி.

குத்தாலிங்கத்துக்குக் கைவேலை சுத்தம். பழைய பீடிங்கைத் தரையில் நீட்டிப் போட்டு, பக்கத்தில் புதியதைப் போட்டு, அளவாக வெட்டினான். அப்புறம் பிளேடை எடுத்துப் பழையதில் எங்கெல்லாம் வெடிப்பு இருந்ததோ அங்கெல்லாம் புதியதிலும் கோடு கிழித்தான். ஒரு முழுப்பகல் குனிந்த தலை நிமிரவில்லை. மாசானம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தான்.

“இந்த இடம் சரியா வரலையேலே. பழசுல எலி கடிச்சிருக்கு. நீ பிளேடால வெட்டியிருக்க. வித்தியாசம் தெரியுது.”

“எலிக்கு நான் எங்க போவேன்?”

“உனக்குப் பல்லு இல்லையா?”

குத்தாலிங்கம் கடித்தான். நன்றாகவே வந்தது. அதை மாட்டிப் பார்த்தால் நாலு பக்கமும் வெளிச்சம் தெரிந்தது. விஷயத்தைக் கேட்டு அண்ணாச்சி போனில் கத்தின கத்தலில் அவர் கட்டு அவிழ்ந்துவிட்டதாக மகள் சொன்னாள். வேறு சுருள் வாங்கினார்கள். இந்தத் தடவை அண்ணாச்சி வார்த்தையை அளந்து பேசினார்.

“பிளேடைக் கீழ வைங்க. பல்லை மூடுங்க. கண்ணாடியைக் கதவுல இறக்கி, கைப்பிடியைப் போட்டு மேல ஏத்திருங்க. அடுத்து, பீடிங்குக்கு நல்ல கோந்தாப் போட்டு, உள்ள இருந்து ஒட்டிக்கிட்டே வரணும். கதவை மூடினா பீடிங் பாடியோடயும் ஒட்டணும், கதவோடயும் ஒட்டணும். நடுவுல காத்துகூடப் போகக்கூடாது. ஒட்டினதும் கதவைச் சாத்திட்டு, மறுநாள் காலை வரைக்கும் தொறக்கவே கூடாது. பொறவு உள்ள ஒரு ஆளை உக்காரவெச்சு, வெளிய இருந்து தண்ணி அடிச்சுப் பாருங்க. வெளங்குதா?”

“ஒட்டணும், ஒட்டணும், போகக்கூடாது, தொறக்கக்கூடாது,” என்று ஒப்பித்தான் மாசானம்.

“ஆண்டவா,” என்றார் அண்ணாச்சி. அது உத்தரவா இல்லையா என்று தெரியாததால் அதை அவர்கள் செய்யவில்லை.

கண்ணாடிகளுக்குக் கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கதவில் இறக்கினார்கள். உச்சிமாகாளி ஒரு கைப்பிடியைச் செருகி நாலு கண்ணாடியையும் ஒவ்வொன்றாக மேலே ஏற்றினான். புதிதாக ஒட்டியிருந்த வெல்வெட் பட்டியில் அவை வழுக்கிக்கொண்டு போன அழகைப் பார்த்து மூன்று பேருக்கும் கண் கலங்கியது. ஏற்றி முடித்ததும் உச்சிமாகாளி கைப்பிடியை உருவி மறுபடி கையில் வைத்துக்கொண்டான்.

பின் சீட்டில் கோந்து படக்கூடாது என்று அதைக் கழற்றி வெளியே வைத்தார்கள். உள்ளே இருந்து ஒட்டுகிற வேலை பொறுப்பான வேலை. மாசானம் உள்ளே ஏறினான். பீடிங்கின் ஒரு பக்கம் பாடியில் ஒட்ட வேண்டும் என்றார் அண்ணாச்சி, ஒட்டினான். மறுபக்கம் கதவோடு ஒட்ட வேண்டும் என்றார். அதிலும் கோந்தைத் தாராளமாகத் தடவினான். ஒவ்வொரு கதவாகக் குத்தாலிங்கம் வெளியிலிருந்து சாத்தி, தோளால் முட்டுக்கொடுத்து அழுத்தினான். நாலாவது கதவும் சாத்தியாயிற்று.

அப்போதுதான் மாசானத்துக்கு ஒன்று தோன்றியது. கதவை மறுநாள் காலை வரைக்கும் திறக்கக்கூடாது. அவனோ உள்ளே இருக்கிறான்.

கண்ணாடியைத் தட்டினான். குத்தாலிங்கம் என்னவோ சொன்னான். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பீடிங் அப்படிப் பிடித்திருந்தது. மாசானம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் குத்தாலிங்கத்துக்குப் போட்டான். ஒரு சாண் தூரத்தில் முகத்தோடு முகம் பார்த்தபடி இரண்டு பேரும் போனில் பேசினார்கள்.

“ஏலே, நான் உள்ள இருக்கேன்லா.”

“ஆமா, தெரியுதே.”

“காலை வரைக்கும் தொறக்கக்கூடாதுல்லா.”

குத்தாலிங்கம் இதை உச்சிமாகாளியிடம் சொன்னான். அவர்கள் கொஞ்ச நேரம் கலந்து பேசினார்கள். குத்தாலிங்கம் மறுபடி போனைக் காதில் வைத்தான். அவன் முகம் மலர்ந்திருந்தது.

“உள்ள ஒரு ஆளை உக்காரவெச்சுத் தண்ணி அடிக்கணும்னு அண்ணாச்சி சொன்னாருல்லா? ஆளுதான் இருக்கே. இன்னொரு ஆளை எதுக்குத் தேடணும்? இப்பமே அடிச்சிருதோம்.”

நியாயமாகத்தான் பட்டது. குத்தாலிங்கம் குழாயைத் திறந்து கூரையிலிருந்து கதவு வரை பீய்ச்சினான். உள்ளே மாசானம் விழித்த கண் விழித்தபடி மூலை மூலையாகப் பார்த்தான். ஒரு சொட்டு வரவில்லை.

“காத்து போகுதா?” என்று போனில் கேட்டான் குத்தாலிங்கம்.

“போகல.”

“நல்லாப் பாரு. கொஞ்சம்கூடப் போகலியா?”

“கொஞ்சம்கூடப் போகல. மூச்சு முட்டுது.”

“ஆகா!” என்றான் குத்தாலிங்கம். உச்சிமாகாளி கைப்பிடிகளோடு துள்ளிக் குதித்தான். மூச்சு முட்டிக்கொண்டிருந்தாலும் மாசானத்துக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த மாதிரி ஒரு வேலையை அண்ணாச்சி தம் கையால்கூடச் செய்ததில்லை.

அந்த நேரத்தில்தான் தன் முழங்கால் பக்கத்தில், தரையில், ஒரு சொட்டு தண்ணீரை அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று விழுந்தது. அப்புறம் ஒன்று.

“ஏலே, ஒழுகுது!”

வெளியே இரண்டு பேர் முகமும் செத்துவிட்டது. “எங்க இருந்து?”

“தெரியல. மேல இருந்து விழுது. நிமிந்து பாத்தா நிக்குது, குனிஞ்சா விழுது.”

“ருசி பாரு,” என்றான் குத்தாலிங்கம். எந்தக் கோளாறையும் அவன் நாக்கில்தான் கண்டுபிடிப்பான், பேட்டரியைக்கூட.

மாசானம் விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். “உப்புக் கரிக்குது.”

மூன்று பேரும் திகைத்துப்போனார்கள். குழாயில் வருவது சித்தாற்றுத் தண்ணீர். அதைவிட இனிப்பான தண்ணீர் அந்த வட்டாரத்தில் கிடையாது.

“உப்புத் தண்ணின்னா கடல் தண்ணிதான்,” என்றான் உச்சிமாகாளி.

“கடல் எங்கன இருக்கு?”

“திருச்செந்தூர்ல.”

குத்தாலிங்கம் கிழக்கே ஒரு முறை பார்த்தான். “அங்கிருந்து இங்க வரைக்கும் வந்து ஒழுகுதுன்னா ஒழுக்கு சின்ன ஒழுக்கு இல்ல.”

அண்ணாச்சிக்குப் போன் போட்டார்கள். அவர் பாதித் தூக்கத்தில் இருந்தார். “எங்க ஓட்டை இருக்கோ அங்க அடைங்கலே,” என்றார்.

குத்தாலிங்கம் தரையில் படுத்துத் தேடினான். கண்டுபிடித்தும்விட்டான். ஒவ்வொரு கதவின் அடியிலும் மூன்று சின்னத் துளை. கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீர் வெளியே வடிவதற்காகக் காரைச் செய்தவன் வைத்த துளைகள் அவை. இதுவரைக்கும் யாருமே இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று குத்தாலிங்கம் வருத்தப்பட்டு, அத்தனையையும் தார் வைத்து அடைத்தான்.

உள்ளே மாசானத்துக்கு இப்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கோந்து வாசம் வேறு. கண்ணாடியை இறக்கினால் நன்றாக இருக்கும். அதற்குக் கைப்பிடி வேண்டும். கைப்பிடி நாலும் வெளியே, உச்சிமாகாளி கையில்.

“ஒண்ணைக் குடுக்கச் சொல்லு.”

குத்தாலிங்கம் கேட்டுவிட்டுச் சொன்னான்: “குடுக்க மாட்டானாம். அண்ணாச்சி கையிலயே வெச்சுக்கச் சொல்லியிருக்காருல்லா?”

மாசானத்துக்குக் கோபம் வந்தது. ஆனால் அண்ணாச்சி அப்படித்தான் சொல்லியிருந்தார். மூத்தவன் என்கிற முறையில் அவனே உத்தரவை மீறச் சொல்ல முடியுமா? மூன்று பேரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

கடைசியில் வழியைக் கண்டுபிடித்தவன் உச்சிமாகாளி. “கைப்பிடி என் கையை விட்டுப் போகக்கூடாது. ஆனா என் கை போகலாம்லா?”

அவன் டிக்கியைத் திறந்தான். பின் சீட்டைக் கழற்றி வைத்திருந்ததால் டிக்கிக்கும் காருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற சந்து இருந்தது. கைப்பிடிகளை நீட்டிக்கொண்டு உடும்பு மாதிரி ஊர்ந்து உள்ளே வந்துவிட்டான். ஒன்றைச் செருகிச் சுற்றினான். கண்ணாடி சத்தமே இல்லாமல் இறங்கியது. சாரல் காற்று முகத்தில் அடித்தது. மாசானம் இழுத்து மூச்சு விட்டான்.

உச்சிமாகாளி வந்த வழியிலேயே வெளியே போயிருக்கலாம் என்று மாசானத்துக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் டிக்கி என்பது சாமான் ஏற்றுகிற இடம். மாசானம் சாமான் இல்லை. மரியாதையாக ஜன்னல் வழியே தலையை நீட்டி, குத்தாலிங்கம் தோளைப் பிடித்து, தரையில் விழுந்தான்.

மறுநாள் காலை வந்து கதவைத் திறந்தார்கள். அதாவது இழுத்தார்கள். நாலு கதவில் ஒன்றும் அசையவில்லை. குத்தாலிங்கம் காலை ஊன்றி இழுத்ததில் கார்தான் நகர்ந்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பாடியோடயும் ஒட்டணும், கதவோடயும் ஒட்டணும்னாரு. ஒட்டியிருக்கு,” என்றான் மாசானம். ஆளுக்கு ஒரு வடை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம். பின் சீட்டை டிக்கி வழியாகவே உள்ளே தள்ளிப் பொருத்தி, காரைப் பளபளவென்று துடைத்து, கைப்பிடிகளையும் ஒருவழியாக உச்சிமாகாளி கையிலிருந்து பிரித்து மாட்டி, மூன்று பேரும் காரைக் கோயில் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை சிவசைலம் பட்டு வேட்டி, தலைப்பாகை, கழுத்து கொள்ளாத மாலையோடு நின்றான். சாரல் பிடித்துக்கொண்டது.

டீச்சர் கதவைப் பிடித்து இழுத்தார். மறுபடி இழுத்தார். மாசானத்தைப் பார்த்தார். அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

“கதவு ஏன் தொறக்கல?”

“தொறந்தா மழைத்தண்ணி உள்ள போயிரும்லா டீச்சர்,” என்றான் மாசானம் பணிவாக.

டீச்சருக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அவரிடம் படித்தவர்கள் யாரும் அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை.

“டிக்கி தொறக்கும்,” என்று குத்தாலிங்கம் ஆறுதலாகச் சொன்னான். டீச்சர் பார்த்த பார்வையில் அவன் மேளக்காரருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

மழை வலுத்தது. வேறு வண்டிக்கு நேரமில்லை. பெண் வீட்டார் மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு காத்திருக்கிறார்கள். “ஏத்துங்க,” என்றார் டீச்சர், கண்ணை மூடிக்கொண்டு.

உச்சிமாகாளி கைக்கு நாலு பேர், காலுக்கு நாலு பேர் என்று ஆள் சேர்த்தான். கண்ணாடியை இறக்கி, மாப்பிள்ளையைத் தலைமுதலாக உள்ளே செலுத்தினார்கள். சிவசைலம் சாப்பாட்டில் குறை வைக்காத உடம்பு. இடுப்பு வரை போய் நின்றுவிட்டான். நாதஸ்வரக்காரர் என்ன வாசிக்கிறதென்று தெரியாமல் கெட்டிமேளமே வாசித்துவிட்டார். அந்த வேகத்தில் ஒரே தள்ளு. மாப்பிள்ளை உள்ளே போய்ச் சேர்ந்தான். ஓட்டுகிற குத்தாலிங்கமும் அப்படியே ஏறினான்.

மண்டபம் வரை சாரல் விடவில்லை. மாப்பிள்ளை மேல் ஒரு சொட்டு மழைத்தண்ணீர் விழவில்லை. வளைவில் திரும்பும்போது மட்டும் கதவுக்குள் தேங்கி நின்ற தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து, ஜன்னல் இடுக்கு வழியாக அவன் மடியில் ஒரு குடம் அளவுக்குக் கொட்டியது. அது கதவுத்தண்ணீர். அதைப் பற்றி டீச்சர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

மண்டபத்து வாசலில் கார் நின்றது. பெண்ணின் அப்பா சங்கரநயினார் சங்கரன்கோவில்காரர். மரியாதையில் ஒரு குறை வந்துவிடக்கூடாது என்று ஒரு வாரமாகத் தூங்காத மனுஷன். கதவு திறக்கும் என்று அவர் மாலையோடு நின்றார். கதவு திறக்கவில்லை. ஜன்னலில் ஒரு தலைப்பாகை தெரிந்தது. அடுத்து ஒரு கை நீண்டது.

அவர் பக்கத்திலிருந்த தம்பியிடம் மெல்லக் கேட்டார்: “இது இவங்க வழக்கமோ?”

“அப்படித்தான் இருக்கும். நாம கேக்காம விட்டுட்டோம்.”

சங்கரநயினார் அவசரமாக மாலையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையின் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். ஜன்னல் வழியாகவே பன்னீர் தெளித்தார்கள். ஜன்னலுக்கே ஆரத்தி சுற்றினார்கள். மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் பெண்ணையும் அதே ஜன்னல் வழியாக ஏற்றி அனுப்பினார்கள். பெண்ணின் அத்தைகள் இரண்டு பேர், எங்கே குறை சொல்லிவிடுவார்களோ என்று, கூடவே ஜன்னலில் ஏறினார்கள். டீச்சர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

விருந்துச் சாப்பாட்டில் மாசானத்துக்கு மூன்றாவது பந்தியில் இடம் கிடைத்தது. பாயசத்தைக் குடித்தபடி, அண்ணாச்சி என்ன சொல்லிப் பாராட்டுவார் என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

அண்ணாச்சி வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். கார் பட்டறைக்குள் நின்றது. கல்யாண மாலை, மாவிலை, சந்தனம், குங்குமம் எல்லாம் அப்படியே இருந்தன. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்தார். அடியில் குனிந்து தாரைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவருக்கு ஆபரேஷன் செய்யாத கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது.

“மூணு பேரும் வெளிய போங்கலே! இந்த நாலு கதவும் தொறக்காம எவனும் என் பட்டறைக்குள்ள காலை வைக்கக்கூடாது!”

கத்திவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

மூன்று பேரும் சாலையோரம் சாரலில் நின்றார்கள். மாசானத்துக்குப் பொறுப்பைக் கொடுத்த வாயால் போகச் சொல்லிவிட்டார். ஆனாலும் வேலை என்று ஒன்று இருக்கிறது.

“கதவைத் தொறக்கணும்னா உள்ள போகணும். உள்ள போகணும்னா காலை வைக்கணும். காலை வைக்கணும்னா கதவு தொறந்திருக்கணும்,” என்றான் குத்தாலிங்கம். “இது முடியாத வேலை.”

“கையால நடந்து போனா?” என்றான் உச்சிமாகாளி.

“கீழ விழுந்தா கால் தரையில நின்னுரும்.”

மாசானம் நெற்றியைச் சுருக்கினான். “அண்ணாச்சி காலை வைக்கக்கூடாதுன்னுதான் சொன்னாரு. முதுகை வைக்கக்கூடாதுன்னு சொல்லல. வயித்தையும் சொல்லல.”

மற்ற இரண்டு பேரும் அவனை வியப்போடு பார்த்தார்கள். அப்படியே மூன்று பேரும் வாசலில் படுத்து உருண்டார்கள். உருண்டு பட்டறைக்குள் போய், முதல் கதவருகே நின்று, அதாவது கிடந்து, கீழே இருந்தபடியே கையை நீட்டி இழுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. உருண்டு அடுத்த கதவுக்குப் போனார்கள். அதுவும் வரவில்லை. காரைச் சுற்றி உருண்டு மூன்றாவது, நாலாவது. பிறகு திரும்பவும் முதல் கதவு. ஒருவேளை மனம் மாறியிருக்கலாம்.

அருவியில் குளித்துவிட்டு, ஈரத்துணியும் விபூதியுமாக ஒரு வேன் நிறையப் பெண்கள் அந்த வழியே வந்தார்கள். பட்டறை வாசலில் வேன் நின்றது. மாலையும் குங்குமமுமாக ஒரு கரிய உருவம். அதைச் சுற்றி ஈர வேட்டியோடு மூன்று பேர், கையைத் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு, உருண்டு உருண்டு போகிறார்கள். மஞ்சள் சேலை கட்டிய அம்மாள் ஒருத்தி முதலில் இறங்கிச் செருப்பைக் கழற்றினாள். இன்னொருத்தி கற்பூரம் ஏற்றினாள். முன் சக்கரத்தருகே யாரோ தேங்காய் உடைத்தார்கள்.

மஞ்சள் சேலை அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தன்னைத் தாண்டி உருண்ட மாசானத்திடம் பயபக்தியோடு குனிந்து கேட்டாள்.

“சாமி, நடை எப்பம் தொறப்பாங்க?”

மாசானம் உருள்வதை நிறுத்தினான். இரைத்த மூச்சை அடக்கிக்கொண்டு, மல்லாந்தபடியே அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

“அதுக்குத்தாம்மா காலையில இருந்து உருளுதோம். நாலு கதவு இருக்கு. ஆள் பத்தல.”

அந்த அம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். வேன் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“ஏட்டி, எல்லாரும் இறங்கி வந்து படுங்கட்டி!”